வாண்டெல் எழுதிய இரண்டு வரலாறுகள்: ஆஸ்திரேலிய மார்மன்களின் விசுவாசமும் சபையின் கடந்தகாலமும்

1852-இல் சிட்னியில் ஒரு சிறு நூல் அச்சானது. அமெரிக்காவில் பிற்காலப் பரிசுத்தவான்கள் எனப்படும் மார்மன்கள் பட்ட பாடுகளின் வரலாறு அது. மிசூரியிலிருந்து அவர்கள் விரட்டப்பட்டதையும், 1844-இல் சபையைத் தொடங்கிய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித் இல்லினாயின் கார்த்தேஜ் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டதையும் ஆஸ்திரேலிய வாசகர்களுக்கு அது எடுத்துச் சொன்னது. எழுதியவர் மிஷனரி சார்லஸ் வெஸ்லி வாண்டெல். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழித்து, யூட்டாவில் மார்மன் அல்லாதோர் கூடிவாழ்ந்த கொரின் என்ற ரயில்வே ஊரின் பத்திரிகையில், 'ஆர்கஸ்' என்ற புனைபெயரில் தொடர் கடிதங்கள் வந்தன. அவற்றில் பாதிக்கப்பட்டவர்கள் வேறு யாரோ; கொன்றவர்கள் மார்மன்கள். ஆர்கஸும் வாண்டெலும் ஒருவரே என்பதுதான் ஆய்வாளர்களிடையே பொதுவான கருத்து. இப்படி எழுதியவர் மதத்தையே உதறியிருப்பார் என்று எதிர்பார்ப்போம். அவரோ 1874-இல் மார்மன் புத்தகத்தோடு மறுபடியும் சிட்னியில் வந்து இறங்கினார்.

சபையின் கறைபடிந்த கடந்தகாலத்தை அறிந்த பிறகு கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதை இணையம் எழுப்பிய கேள்வியாகப் பேசுவதே இப்போது வழக்கம். ஆஸ்திரேலியச் சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. அங்கே சபை வேர்விட்ட பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலேயே அந்தக் கேள்வி வந்துவிட்டது. நடந்த செயலைவிட, அதைச் சொந்தச் சபைக்கு முன்பே பிறர் சொல்லிவிட்டார்கள் என்பதே விசுவாசிகளை அதிகம் உலுக்கியது என்பது என் வாதம். யூட்டாவுக்கும் சிட்னிக்கும் இடையே மாதக்கணக்கில் நீண்ட கடற்பயணம் இதை மேலும் கூர்மையாக்கியது.

தொடக்கம் மிக எளியது. 1840-இல் பதினேழு வயது ஆங்கிலேய இளைஞர் வில்லியம் பாரட் ஊழியக்காரராக அபிஷேகம் பெற்று அடிலெய்டுக்கு வந்தார். ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ ஆண்டர்சன் நியூ சவுத் வேல்சில் வெலிங்டனில் 1840-களின் நடுவில் ஒரு சிறு சபையைக் கூட்டினார். 1851 அக்டோபர் இறுதியில் ஜான் மர்டாக்கும் வாண்டெலும் சிட்னி வந்த பிறகே ஊழியம் முறைப்பட்டது. மர்டாக் சபையின் மூத்த தலைமுறை. மனைவி பிரசவத்தில் இறந்தபோது பிறந்த இரட்டைக் குழந்தைகளை ஜோசப் ஸ்மித் தம்பதிக்குத் தத்துக் கொடுத்தவர். உடல்நலம் குன்றி அவர் 1852-இலேயே திரும்ப, பாரம் முழுவதும் வாண்டெல் தோளில் விழுந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு பழைய சபைகளில் நிறைவு காணாத பிரிட்டிஷ் குடியேறிகள். தீர்க்கதரிசியையோ, இல்லினாயில் சபையினர் வாழ்ந்த நாவூ நகரத்தையோ அவர்கள் கண்டதில்லை. ஜெபமும் வேத வாசிப்பும் இந்த இரண்டு ஊழியக்காரர்களின் வாய்மொழியும்தான் அவர்களுக்குச் சபை.

1852 ஆகஸ்டு 29 அன்று யூட்டாவில் சபைத் தலைமையிடமான சால்ட் லேக் சிட்டியில் கூடிய மாநாட்டில் பலதார மணம் தெய்வ வெளிப்பாடு என்று முதன்முறையாகப் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. ஆர்சன் பிராட் அதை நியாயப்படுத்திப் பிரசங்கித்தார். அதே மாநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மிஷனரிகள் உலகின் பல திசைகளுக்கு நியமிக்கப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கு அகஸ்டஸ் ஃபார்னம் குழுவினர் வந்தார்கள். இந்தியாவுக்குப் புறப்பட்டவர்களில் ரிச்சர்ட் பாலண்டைன் 1853-இல் நம் சென்னைக்கு வந்து, அடுத்த ஆண்டு இங்கே ஒரு மாத இதழையே நடத்தினார். சிட்னியானாலும் சென்னையானாலும், வந்து இறங்கியவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: பலதார மணம்.

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் சிக்கல் பலதார மணத்தோடு முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் சபை அதை மறுத்து வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்று சொல்லும் திருமண அறிக்கை 1835 முதல் சபையின் வேதநூல்களில் ஒன்றான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலில் இருந்தது. யூட்டா பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டது 1876-இல்தான். அப்போஸ்தலர் ஜான் டெய்லர் 1850-இல் பிரான்சில் நடந்த பொது விவாதத்தில் குற்றச்சாட்டை மறுத்தபோது அவருக்கே பல மனைவியர் இருந்தார்கள். இத்தகைய மறுப்புகளை நம்பிய விசுவாசிக்கு 1853-இல் இரண்டு காயங்கள்: கோட்பாடு ஒன்று, தன்னிடம் மறைத்தார்கள் என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆபிரகாம், யாக்கோபு என்று வேத ஆதாரம் காட்டிவிடலாம். இரண்டாவதற்கு எந்த வசனத்தைக் காட்டுவது?

வாண்டெல் 1853 ஏப்ரலில் ஒரு சிறு கூட்டத்தோடு 'என்வலப்' என்ற கப்பலில் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். அவருக்குப் பின் ஃபார்னம் சிட்னியில் 'சீயோனின் காவலன்' என்ற இதழைத் தொடங்கினார். சீயோன் எனப்பட்ட யூட்டாவுக்குக் குடிபெயர்வதே அப்போது விசுவாசத்தின் அளவுகோல். அதற்காக 1855 செப்டம்பரில் சிட்னியிலிருந்து கிளம்பிய 'ஜூலியா ஆன்' அக்டோபர் 3 இரவு பசிபிக்கில் பவளப்பாறையில் மோதி உடைந்தது. சபையைச் சேர்ந்த இரண்டு பெண்களும் மூன்று குழந்தைகளும் மூழ்கிப்போனார்கள். தப்பியவர்கள் இரண்டு மாதம் ஆமைக்கறியிலும் தேங்காயிலும் உயிர் பிழைத்தார்கள். இவ்வளவு விலை கொடுத்தவர்களை ஏமாளிகள் என்று ஒற்றைச் சொல்லில் தள்ளும் எழுத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வாண்டெலுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பார்வை இருந்தது. 1840-களின் நடுவில் நாவூவில் சபை வரலாற்றாசிரியர் அலுவலகத்தில் வில்லர்ட் ரிச்சர்ட்ஸின் கீழ் எழுத்தராக வேலை பார்த்தவர் அவர். ஜோசப் ஸ்மித்தின் தன்வரலாறு அங்கேதான் தொகுக்கப்பட்டது. ஸ்மித் இறந்த பிறகு, புதிய தலைமைக்கு ஏற்ப அது திருத்தப்பட்டது என்று பிற்காலத்தில் எழுதிவைத்தார். வரலாறு எப்படிச் சமைக்கப்படுகிறது என்பதை அடுப்படியிலேயே நின்று பார்த்தவர் என்று சொல்லலாம்.

ஆர்கஸ் கடிதங்களின் பொருள் மவுண்டன் மெடோஸ். 1857 செப்டம்பர் 11 அன்று தெற்கு யூட்டாவில், கலிபோர்னியா நோக்கிச் சென்ற ஆர்கன்சா குடியேறிகளைப் பாதுகாப்பாகக் கூட்டிச் செல்வதாக வாக்களித்து, வெள்ளைக்கொடி காட்டி, ஆயுதங்களைக் கீழே வைக்கச் செய்து, உள்ளூர் மார்மன் படையினரும் உடனிருந்த பையூட் பழங்குடியினர் சிலரும் கொன்றார்கள். இறந்தவர்கள் சுமார் 120 பேர். விட்டுவைக்கப்பட்டவை 17 சிறு குழந்தைகள் மட்டுமே. பழி பையூட் மக்கள்மேல் போடப்பட்டது. 1870-71-இல் ஆர்கஸ், யூட்டா சபையின் தலைவர் பிரிகம் யங்கையே நேரடியாக விளித்து விளக்கம் கேட்டார். அவர் எழுதியதில் எல்லாமே நிற்காது. கேள்விப்பட்டதும் கோபமும் கலந்திருக்கின்றன. யங் கட்டளையிட்டாரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை: வில் பாக்லி 2002-இல் அவர்மேல் பொறுப்பைச் சுமத்தினார், சபையோடு தொடர்புடைய வாக்கர், டர்லி, லெனர்ட் மூவரும் 2008-இல் உள்ளூர்த் தலைவர்களிடம் பொறுப்பை வைத்தார்கள். ஆனால் மூடிமறைப்பு நடந்தது என்பதில் ஆர்கஸ் சொன்னது சரி. 1877-இல் ஜான் டி. லீ ஒருவர் மட்டும் சம்பவ இடத்திலேயே சுட்டு மரண தண்டனைக்குள்ளானார். சபையின் சார்பில் ஹென்றி ஐரிங் அங்கே நின்று வருத்தம் தெரிவித்தது 2007-இல். இடைப்பட்ட காலத்தில், 1950-இல், ஜுவானிட்டா புரூக்ஸ் என்ற பெண்மணி இந்தப் படுகொலையை ஆவணங்களோடு எழுதினார். சபையை விட்டும் போகவில்லை. எழுதியதைத் திரும்பப் பெறவும் இல்லை.

வாண்டெல் புரூக்ஸின் வழியில் போகவில்லை. 1860-இல் ஜோசப் ஸ்மித்தின் மகன் மூன்றாம் ஜோசப் ஸ்மித்தின் தலைமையில் உருவான மறுசீரமைக்கப்பட்ட சபையில் அவர் 1873-இல் சேர்ந்தார். அவர்களின் வாதம் தெளிவானது: ஸ்தாபகர் குற்றமற்றவர், பலதார மணம் யங் கொண்டுவந்த கேடு. கிளாட் ரோஜருடன் அவர் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். வழியில் கப்பல் பழுதாகி தஹித்தியில் நின்றது. அங்கே 1840-களின் மிஷனரிகளிடம் ஞானஸ்நானம் பெற்று, பிரெஞ்சு அரசு அவர்களை வெளியேற்றிய பிறகு யூட்டாவின் தொடர்பே அறுந்துபோன விசுவாசிகள் இருந்தார்கள். யூட்டா இல்லாமலேயே இருபது ஆண்டுகள் ஜெபித்து வாழ்ந்த அந்தத் தீவுக்காரர்களைத் தம் வாதத்துக்கு உயிருள்ள சாட்சியாக வாண்டெல் கண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1874 ஜனவரியில் சிட்னி சேர்ந்தார். 1875 மார்ச்சில் அங்கேயே காலமானார். அவர் விதைத்தது நியூ சவுத் வேல்சில் தனிச் சபையாக நிலைத்தது.

ஆனால் அவர் அடைந்த புகலிடத்தின் அடித்தளமும் வரலாறுதான். அது பின்னாளில் ஆட்டம் கண்டது. ஜோசப் ஸ்மித்தே பலதார மணத்தைத் தொடங்கியவர் என்ற சான்றுகள் பெருகின. 1980-களில் மறுசீரமைக்கப்பட்ட சபையின் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹோவர்டே அந்தத் திசையில் எழுத நேர்ந்தது. 2001-இல் 'கிறிஸ்துவின் சமூகம்' என்று பெயர் மாற்றிக்கொண்ட அச்சபை, 2024-இல் ஜோசப் ஸ்மித் காலத்துக் கர்ட்லண்ட் ஆலயத்தையும் மற்ற வரலாற்றுச் சொத்துக்களையும் 19.25 கோடி டாலருக்கு யூட்டா சபைக்கே விற்றது. குற்றமில்லாத ஸ்தாபகரைத் தேடிப்போய் அங்கே விசுவாசத்தை ஊன்றியவர்களுக்கு இது யூட்டா தந்ததைவிட ஆழமான அடி.

இருபதாம் நூற்றாண்டை விரைவாகக் கடக்கலாம். 1904-இல் பிரிஸ்பேனின் வுலுங்கபாவில் முதல் வழிபாட்டுக் கட்டடம். 1955-இல் சபைத் தலைவர் டேவிட் மெக்கே வருகை. 1960-இல் சிட்னியில் முதல் 'ஸ்டேக்' என்னும் மறைமாவட்ட அமைப்பு. கார்லிங்ஃபோர்டில் சிட்னி ஆலயம் 1984-இல், வான்டிர்னா சவுத்தில் மெல்பர்ன் ஆலயம் 2000-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டன. சிட்னியில் கோபுரத்துச் சிலைக்கு உள்ளூரில் எதிர்ப்பு எழுந்து, ஓராண்டு கழித்தே அதை மேலே ஏற்றினார்கள். 2016 மக்கள்தொகைக் கணக்கில் தம்மை இச்சபையினர் என்று சொன்னவர்கள் சுமார் 61,600 பேர்; 2021-இல் சுமார் 57,900. சபையின் சொந்தப் பதிவேட்டிலோ ஒன்றரை லட்சத்துக்கு மேல். இடைவெளியில் நிற்பவர்கள் எல்லோரும் விசுவாசம் இழந்தவர்கள் என்று கொள்ளத் தேவையில்லை; ஞாயிறு ஆராதனைக்கு வராமல் வீட்டில் ஜெபிப்பவர்கள் எந்தப் பட்டியலிலும் சிக்குவதில்லை.

இக்காலத்தில் இரண்டு ஆஸ்திரேலியர்கள் கவனத்துக்குரியவர்கள். மார்ஜரி நியூட்டன் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, 1991-இல் ஆஸ்திரேலிய மார்மன்களின் வரலாற்றை நூலாக்கினார். நியூசிலாந்தின் மாவோரி மக்களோடு சபைக்கிருந்த உறவையும் பின்னர் எழுதினார். அமெரிக்கத் தலைமையின் பார்வைக் குறைகளைச் சபைக்குள் இருந்துகொண்டே பதிந்தவர். சைமன் சதர்டன் தாவர மரபணு விஞ்ஞானி. பிரிஸ்பேனில் பிஷப்பாக இருந்தவர். அமெரிக்கப் பூர்வகுடிகளின் மரபணுச் சான்றுகள் மார்மன் புத்தகம் சொல்லும் இஸ்ரவேல் பூர்வீகத்தோடு பொருந்தவில்லை என்று கண்டு 1998-இல் விலகினார். 2004-இல் அதை நூலாக எழுதினார். 2007-இல் சபை, மார்மன் புத்தக முன்னுரையில் அப்புத்தகம் சொல்லும் மக்கள் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு 'முதன்மை மூதாதையர்' என்றிருந்ததை 'மூதாதையரில் அடங்குவோர்' என்று மாற்றியது.

2013 முதல் 2015 வரை சபை தன் தளத்தில் வரலாற்றுக் கட்டுரைகளை வெளியிட்டது. 1978 வரை கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் மறுக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட பழைய காரணங்களை நிராகரித்தது. ஜோசப் ஸ்மித்தின் மனைவியர் 30 முதல் 40 பேர் வரை இருக்கலாம் என்றும், ஒருத்திக்குப் பதினைந்து வயது நிறையவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. மார்மன் புத்தகத்தை மொழிபெயர்க்க ஜோசப் ஸ்மித் தொப்பிக்குள் வைத்துப் பார்த்த ஞானக்கல்லின் படம் 2015-இல் வந்தது. எதுவும் வரலாற்றாசிரியர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பல உறுப்பினர்களுக்கு இந்தச் செய்திகள் பிறர் வழியாக முன்பே வந்து சேர்ந்திருந்தன. 1853-இன் இரண்டாவது காயம் மறுபடியும் திறந்தது. நம் ஊரிலும் வடக்கன்குளம்போல, சாதிக்கொரு பக்கம் என்று கட்டிய தேவாலயங்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் அந்நியமல்ல. ஆனால் அங்கே சுவர் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

இந்த அதிர்ச்சிகளில் நிலைத்த விசுவாசம் பெரும்பாலும் சபையின் நற்பெயரைச் சார்ந்திராத விசுவாசமாக இருந்தது என்பதே என் கணிப்பு. நியூட்டனும் புரூக்ஸும் அதற்கு உதாரணம். தலைவர்கள் தவறமாட்டார்கள் என்ற தூணைத் தாங்களே அகற்றிவிட்டுத்தான் அவர்கள் ஆவணங்களைத் திறந்தார்கள். வாண்டெல் அந்தத் தூணைப் பெயர்த்துத் தூய ஸ்தாபகரின் கீழ் வைத்தார். சதர்டனுக்கு அது வேதநூலின் உண்மையையே தாங்கியது. விழுந்ததும் கட்டடமும் போயிற்று. மூவகையும் நேர்மையானவையே.

ஆனால் இந்த வகைப்பாடு சிட்னியின் மேற்குப் புறநகர்களிலும் மெல்பர்னிலும் நிறைந்திருக்கும் தொங்கா, சமோவா, மாவோரி சபையாருக்கு முழுதாகப் பொருந்தவில்லை. பாலினீசியர்கள் மார்மன் புத்தகம் சொல்லும் இஸ்ரவேல் மூதாதை லேகியின் வம்சம் என்று தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. 1958-இல் நியூசிலாந்தின் ஹாமில்டன் ஆலயப் பிரதிஷ்டை ஜெபத்திலும் அது ஒலித்தது. வாண்டெலுக்கும் நியூட்டனுக்கும் சபை வரலாறு என்பது அமெரிக்காவில் பிறர் செய்த காரியம். இவர்களுக்கோ, மரபணு ஆய்வும் முன்னுரையில் மாறிய சொற்களும் தொடுவது தங்கள் பாட்டன் பூட்டனை. தலைமுறைகளாகக் குடும்பப் பெருமையாகச் சொல்லி வந்த வம்சக்கதையை யாருடைய அதிகாரத்தில் திருத்துவது என்பதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. சால்ட் லேக் சிட்டி எழுதிய கட்டுரைகள் எதுவும் அந்த முகவரிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.