கைத்திறனும் நல்லொழுக்கமும்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. அத்துணியைச் செம்மையாக நெய்யத் தெரிந்தவருக்கே, கண்ணுக்குப் புலப்படாமல் இழையைக் குறைக்கவும் தெரியும். அப்படியானால் திறமையும் நன்மையும் ஒன்றாகுமா? ‘குடியரசு’ நூலின் முதற் புத்தகத்தில் பிளேட்டோவின் சாக்ரடீஸ் இச்சிக்கலையே எழுப்புகிறார்: நோயைத் தடுக்க வல்லவன் அதை மறைவாக விளைவிக்கவும் வல்லவன், நீதியும் ஒரு தொழில்திறனே எனில், நீதிமான் கைதேர்ந்த கள்வனும் ஆவானே!

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) வேறுபாட்டைத் தெளிவாக்கினார். தொழிலில், வேண்டுமென்றே பிழைசெய்பவன் அறியாமல் செய்பவனிலும் தேர்ந்தவன்; ஒழுக்கத்திலோ அவனே தாழ்ந்தவன். பிரசங்கமும் வேதவியாக்கியானமும் பயிலும் நாம் இதனைச் சிந்திப்பது நலம். குற்றுயிராய்க் கிடந்தவனை விட்டு விலகிச் சென்ற ஆசாரியனும் லேவியனும் தத்தம் பணியில் திறமையற்றவர்கள் என்று வேதம் கூறவில்லை, காயங்கட்டினவனோ சமாரியன்.