திண்டிவனம் தாண்டிய மெழுகுக்கட்டி

அத்தையின் மார்பிலிருந்து எடுத்த சதை விழுப்புரத்து லேப் ஒன்றில் ராத்திரி முழுக்க ஃபார்மலினில் ஊறியது. ஆல்கஹாலில் ஈரம் போய், உருக்கிய பாரஃபின் உள்ளே ஏறி, சின்ன பிளாஸ்டிக் சட்டத்தோடு உறைந்தது. 'பிளாக்' என்பார்கள். ஓரத்தில் பென்சிலில் ஒரு நம்பர்.

சென்னையில் மறுபடி பார்க்கணும் என்றார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி, மாமா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வெயில்ல உருகிடுமாப்பா?" உருகாது, 50 டிகிரிக்கு மேலே போகணும். இருந்தாலும் வண்டியில் மாமா ஜன்னலோரம் உட்காரவில்லை.

திண்டிவனத்தில் வறுகடலை விற்பவர் ஏறினார். கடலைக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு, டி.எம்.வி. 7 என்ற ரகத்தின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அத்தை கேட்டாள்: "நம்ம வம்சத்துல யாருக்கும் இல்லையே, எங்கருந்துடா வந்துச்சு இது?"

வறுத்த கடலையை விதைத்தால் முளைக்காது. புற்றுக்கட்டிக்குள் இருக்கும் செல்களிலும் முக்கால்வாசி அப்படித்தான் என்று 2003-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அல்-ஹஜ், விச்சா, கிளார்க் குழு காட்டியது. நோயாளிகளின் மார்பகக் கட்டியைப் பிரித்து எலிக்குள் செலுத்தினார்கள். ஒரு வகை செல் 100 இருந்தாலே புதுக் கட்டி. மற்றவை பல்லாயிரம் போட்டும் ஒன்றுமில்லை. அந்த நூறுதான் விதைக்கடலை, குருத்தணு (ஸ்டெம் செல்) மாதிரி நடந்துகொள்பவை.

விதை எங்கிருந்து வந்தது? மார்பில் இயல்பாகவே குருத்தணு உண்டு. 2006-இல் மெல்போர்னில் ஒரே ஒரு செல்லிலிருந்து எலிக்கு முழுப் பால் சுரப்பியே வளர்ந்தது. அந்தக் குருத்தணு கெட்டதுதான் புற்றுக்குக் காரணம் என்று பலரும் நினைத்தார்கள். பிஆர்சிஏ1 என்ற ஜீனில் பழுதைப் பரம்பரையாகப் பெற்ற பெண்களிடம், 2009-இல் சந்தேகம் ஒரு படி கீழே, பால் சுரக்கும் செல்லாகப் போகிற இளம் செல் மேல் திரும்பியது.

எனக்குத் தூக்கம் கெட்டது நடுவில் வந்த 2008 ஆய்வால். புற்றுநோய் ஆய்வாளர் வைன்பெர்க்கின் ஆய்வகத்தில் செந்துறை மணி, புற்றாகாத மார்பகச் செல்லில் ஸ்னெயில், ட்விஸ்ட் என்ற ஜீன்களை முடுக்கிவிட்டார். பக்கத்துச் செல்லின் கையை உதறிவிட்டு ஊர்சுற்றக் கிளம்பிய செல், கூடவே குருத்தணுவின் குணத்தையும் பெற்றுக்கொண்டது. அதாவது, வறுத்த கடலை மறுபடி விதையாகிறது. இருக்கிற விதையையெல்லாம் பொறுக்கி எறிந்தாலும் போதாது. அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. "தானா வந்ததுதான் அத்தை" என்றேன்.

சென்னையில் பிளாக்கை மெல்லிய இழையாகச் சீவிச் சாயம் ஏற்றினார்கள். ஹார்மோன் ஏற்பிகளான ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்2 என்ற புரதம் நெகட்டிவ். குருத்தணு எத்தனை என்று எழுத ரிப்போர்ட்டில் இடமே இல்லை.

மீதி மெழுகுக்கட்டி ஒரு கவரில் விழுப்புரம் திரும்பியது. சீவிய முகம் வழவழவென்று இருக்கிறது. மாமா அதை பீரோவில், பட்டாப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.