சுரங்கத்திலிருந்து நம் சம்ப் வரை: கைவிளக்கின் கதை



டார்ச் லைட்டைக் கையில் எடுக்காமல் நம் வளாகத்தில் ஒரு நாளும் கழிவதில்லை. இரவில் ரோந்து போகும் வாட்ச்மேன், மீட்டர் அறைக்குள் நுழையும் எலக்ட்ரீஷியன், தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கும் பிளம்பர், மின்சாரம் போனதும் படியிறங்கும் நீங்கள் என எல்லோருக்கும் அது வேண்டும். ஆனால் கடையில் நாம் கேட்பது இரண்டே கேள்விகள். விலை என்ன? வெளிச்சம் எவ்வளவு தூரம் அடிக்கும்?

வேலைக்கு ஏற்ற விளக்கு எது என்ற கேள்விக்கு உயிரைக் கொடுத்துப் பதில் தேடியவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்கள் கதையைத் தெரிந்துகொண்டால் நல்ல டார்ச்சைத் தேர்ந்தெடுப்பது எளிது. டார்ச்சை நம்பிச் செய்யக் கூடாத வேலை எது என்பதும் புரியும்.

வெளிச்சமே எமனான காலம்

1812 மே 25 அன்று, வடகிழக்கு இங்கிலாந்தில் உள்ள ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 92 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள். நிலக்கரி அடுக்குகளிலிருந்து மீத்தேன் வாயு கசிந்துகொண்டே இருக்கும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். அந்தக் காலத்துத் தொழிலாளிக்கு இருந்த விளக்கோ மெழுகுவர்த்திதான். வெளிச்சம் இல்லாமல் வேலை நடக்காது. வெளிச்சத்தைக் கொண்டு போனால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது.

இதற்கு வழி காண முயன்றவர்களில் மூவர் முக்கியமானவர்கள்: மருத்துவர் வில்லியம் கிளானி, பின்னாளில் ரயில் எஞ்சினால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சன், வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவி. 1815-இல் டேவி செய்த விளக்கு எளிமையானது. சுடரைச் சுற்றி நெருக்கமாகப் பின்னிய உலோகக் கம்பி வலை, அவ்வளவுதான். வலை சுடரின் வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பிவிடும். அதனால் வெளியே இருக்கும் வாயு தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகாது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். டேவி இதற்குக் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை.

அந்த விளக்கு இன்னொரு வேலையும் செய்தது. மீத்தேன் இருந்தால் சுடரின் மேல் நீல நிறத்தில் ஒரு தொப்பி தெரியும். பிராணவாயு குறைந்தால் சுடர் மங்கி அணைந்துபோகும். அதைப் பார்த்தே தொழிலாளிகள் திரும்பி ஓடி வந்துவிடலாம். பார்க்க உதவிய அதே விளக்கு, காற்று கெட்டுவிட்டதையும் சொன்னது.

குறைகளும் இருந்தன. வெளிச்சம் மிகக் குறைவு. வலை துருப்பிடித்தாலோ கிழிந்தாலோ பாதுகாப்பு போயிற்று. அதைவிட மோசமாக, ஆபத்து என்று முன்பு கைவிட்ட பகுதிகளுக்கும் 'இப்போதுதான் பாதுகாப்பு விளக்கு இருக்கிறதே' என்று முதலாளிகள் ஆட்களை அனுப்பினார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள். கட்டுரையின் முடிவில் நமக்கு அது தேவைப்படும்.

பேட்டரி வந்தது

1880-களில் சிந்தாத உலர் பேட்டரி வந்தது. 1899-இல் டேவிட் மிசெல் என்பவர் குழாய் வடிவக் கைவிளக்குக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய கான்ராட் ஹியூபர்ட்டின் நிறுவனம் அதைத் தயாரித்தது. பின்னாளில் எவரெடி என்று நாம் அறிந்த பெயர் அந்த நிறுவனத்திலிருந்து வந்ததுதான். தொடக்கத்தில் சில விளக்குகளை நியூயார்க் போலீஸாருக்குக் கொடுத்துப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார்கள். அன்றைய பேட்டரி வலுவில்லாதது. தொடர்ந்து எரிய விட முடியாமல், அவ்வப்போது அழுத்திப் பளிச்சென்று காட்டிவிட்டு அணைக்க வேண்டும். அமெரிக்கர்கள் இன்றும் டார்ச்சை 'ஃபிளாஷ் லைட்' என்று சொல்வது அதனால்தான்.

1912-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஜெட் என்ற சுரங்கம் வெடித்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொழிலாளியின் திறந்த சுடர் விளக்கே காரணம் என்று கருதப்பட்டது. அதன் பிறகு ஜான் ரையன், ஜார்ஜ் டைக் என்ற இரு பொறியாளர்கள் தாமஸ் எடிசனை அணுகினார்கள். தொப்பியில் பல்பு, இடுப்பில் பேட்டரி என்ற மின்விளக்கு பிறந்தது. இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைத்தன. தலை திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சமும் திரும்பியது.

ஆனால் ஒன்று போய்விட்டது. மின்விளக்குக்குக் காற்றைப் பற்றி எதுவும் தெரியாது. பிராணவாயுவே இல்லாத குழியிலும் அது பிரகாசமாக எரியும். அதனால்தான் தொப்பி விளக்கு வந்த பிறகும் பல காலம், வாயுவைச் சோதிப்பதற்கென்றே பழைய சுடர் விளக்கையும் சுரங்கத்துக்குள் கொண்டு போனார்கள். பிற்பாடு அந்த வேலையை வாயு அறியும் மின்னணுக் கருவிகள் ஏற்றுக்கொண்டன.

அடுத்த பெரிய மாற்றம் எல்.இ.டி. ஜப்பானில் 1990-களில் பிரகாசமான நீல எல்.இ.டி.யும் அதிலிருந்து வெள்ளை எல்.இ.டி.யும் வந்தன. நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. குறைந்த விலையில் கண் கூசும் வெளிச்சம் இன்று நமக்குக் கிடைப்பது அதனால்தான்.

வாங்கும்போது என்ன பார்க்கலாம்?

2009-இல் அமெரிக்காவில் கைவிளக்குகளுக்கென்று எஃப்.எல்.1 என்ற தரநிலை வந்தது. நல்ல டார்ச்சின் பெட்டியில் அதன்படி மூன்று எண்கள் இருக்கும். லூமென் என்பது மொத்த வெளிச்சம். தூரம் என்பது, வெளிச்சம் முழுநிலவு அளவுக்குக் குறையும் இடம் வரை. எரியும் நேரம் என்பது, தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. ஆகவே '10 மணி நேரம்' என்று போட்டிருந்தால் பத்து மணி நேரமும் ஒரே வெளிச்சம் என்று நினைக்காதீர்கள். லட்சக்கணக்கில் லூமென் என்று அச்சடித்த மலிவு டார்ச்சை நம்பவும் வேண்டாம்.

வாட்ச்மேனுக்கு: தூரம் பாயும் ஒளி, கீழே விழுந்தாலும் தாங்கும் உடல், மணிக்கட்டில் மாட்டும் கயிறு. விடியும் வரை சார்ஜ் நிற்க வேண்டும். மாற்று பேட்டரி ஒன்றும் இருப்பது நல்லது.

எலக்ட்ரீஷியனுக்கு: சுரங்கத் தொழிலாளியிடம் கற்ற பாடம், தலையில் மாட்டும் விளக்கு. வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பேனலில் கை வைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கைகளும் காலியாக இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. உலோக உடல் வேண்டாம், பிளாஸ்டிக் போதும். குவிந்த ஒளியைவிடப் பரவலான ஒளிதான் வசதி.

பிளம்பருக்கு: ஐ.பி.67 என்று குறித்த டார்ச். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும்.

உங்கள் வீட்டுக்கு: செல்போன் விளக்கை மட்டும் நம்பாமல் ஒரு தனி டார்ச். நெடுநாள் எடுக்காமல் வைப்பதானால் சாதாரண செல்களைக் கழற்றி வையுங்கள். கசிந்து உள்ளே அரித்துவிடும். சமையலறையில் கேஸ் வாடை வந்தால், மின் சுவிட்ச்சைப் போலவே டார்ச்சையும் அங்கே அழுத்தாதீர்கள். சாதாரண டார்ச்சின் சுவிட்ச்சிலும் பொறி வரலாம்.

டார்ச் சொல்லாத செய்தி

இனி அந்தக் கடைசி விஷயம். செப்டிக் டேங்க், கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி, நெடுநாள் மூடிக் கிடந்த சம்ப் ஆகியவற்றின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் அடிவரை தெளிவாகத் தெரியும். 'தெரிகிறதே, இறங்கிவிடலாம்' என்று தோன்றும். அங்கே பிராணவாயு குறைந்திருக்கலாம். கழிவுநீர்த் தொட்டியில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்கியிருக்கலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை போல நாறும். ஆனால் அளவு கூடினால் மூக்கை மரத்துப்போகச் செய்து, வாடையே இல்லாததுபோல் ஆக்கிவிடும். இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகளை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம்.

உரிய பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எந்தத் தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

ஆகவே பிளம்பரோ துப்புரவுப் பணியாளரோ உங்களிடம் டார்ச் கேட்டால், எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மேலிருந்து பார்க்க என்றால் உடனே கொடுங்கள். உள்ளே இறங்க என்றால், 'கொஞ்சம் பொறுங்கள் அண்ணா' என்று நிறுத்திவிட்டு அசோசியேஷன் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். சுத்தம் செய்ய இயந்திர வண்டி இருக்கிறது. அது வர ஒரு நாள் ஆனால் ஆகட்டும்.