பூச்சில்லாத சுவர்

லண்டனுக்குத் தென்கிழக்கே பெக்ஸ்லிஹீத்தில் நிற்கும் ரெட் ஹவுஸ், கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் திருமணமான புதிதில் தமக்கும் மனைவி ஜேனுக்கும் கட்டிக்கொண்ட வீடு. வடிவமைத்தவர் நண்பர் ஃபிலிப் வெப். வேலை தொடங்கிய 1859-இல் வெப்புக்கு வயது 28, மாரிஸுக்கு 25. தனியாகத் தொழிலில் இறங்கிய வெப் கட்டிய முதல் வீடு இதுதான். மறு ஆண்டே மாரிஸ் குடிவந்தார்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் வசதியானவர்களின் வீடுகளில் செங்கல்லைக் காரை பூசி மறைப்பது வழக்கம். கல் கட்டடம் போலத் தோன்றவேண்டும் என்பது நோக்கம். வெப் பூச்சை அடியோடு விட்டார். சிவப்புச் செங்கல் சுவர், செங்குத்தாகச் சரியும் சிவப்பு ஓட்டுக் கூரை, உயர்ந்த புகைபோக்கிகள் இவைதாம் வீட்டின் முகம். தனியே ஒட்டவைத்த அலங்காரம் கிடையாது. சாளரங்களுக்கு மேல் சுமை தாங்கும் கூர்முனை வளைவுகளையும் செங்கல்லாலேயே கட்டி, அவற்றையே அழகாக்கினார்.

தரைத் திட்டம் ஆங்கில 'எல்' எழுத்தைப் போன்றது. இரு சிறகுகளும் கூடும் மூலையில் மாடிப்படி. வெளியே அவற்றின் அணைப்பில் கூம்புக் கூரை போட்ட கிணறு. சாளரங்கள் ஒரே அளவிலோ ஒரே வரிசையிலோ இல்லை. அறைக்கு எங்கே, எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அதற்கேற்ப ஓரிடத்தில் நெடிய சாளரம், மாடி நடைவழியில் வட்டச் சாளரம். முகப்பை முதலில் வரைந்துவிட்டு அறைகளை அதற்குள் திணிக்கும் முறைக்கு இது நேர் எதிர். இந்த வீட்டின் பெருமை இதில்தான் இருக்கிறது. குறையும் உண்டு: முக்கிய அறைகள் வடக்கு நோக்கியவை, குளிர்காலத்தில் வெயில் எட்டாது.

உள்ளே சாமான்களை வெப் வடிவமைத்தார். சுவரில் ஓவிய நண்பர் பர்ன்-ஜோன்ஸ் ஓவியம் தீட்டினார். நண்பர்கள் கூடி உழைத்த இந்த அனுபவம் 1861-இல் மாரிஸ், மார்ஷல், ஃபாக்னர் என்ற அலங்காரக் கலை நிறுவனம் உருவாகத் துணைநின்றது. பர்ன்-ஜோன்ஸ் குடும்பமும் வந்து சேர்வதற்காக இன்னொரு பகுதி கட்டும் திட்டம் இருந்தது. நோயும் குழந்தையின் இறப்பும் அந்தக் குடும்பத்தைத் தாக்கவே, அது கைவிடப்பட்டது. வேலைக்காக லண்டனுக்குப் போய்வரும் அலைச்சலும் உடல்நலக் குறைவும் சேர, 1865-இல் மாரிஸ் வீட்டைவிட்டு நீங்கினார். ஆசையாகக் கட்டிய வீட்டில் அவர் வாழ்ந்தது ஐந்தே ஆண்டுகள்.

பொருளை உள்ளபடி காட்டுவதும், உள்ளிருந்து வெளியே வடிவமைப்பதும் பின்னர் 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' இயக்கத்தின் அடிப்படைகளாயின. இங்கிலாந்தின் வீடுகளை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹெர்மன் முத்தேசியஸ், புதிய வீட்டுக் கலையின் தொடக்கமாகவே ரெட் ஹவுஸைக் கருதினார். 2003 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு ரெட் ஹவுஸைப் பராமரிக்கிறது. படுக்கையறையில் நெடுங்காலம் மறைந்திருந்த சுவரோவியம் ஒன்று, வீடு கட்டி ஒன்றரை நூற்றாண்டு கடந்தபின், 2013-இல் வெளிச்சத்துக்கு வந்தது.