சராசரி மதிப்பெண் (வீடியோ விளையாட்டு விமர்சனம்)

கன்சோல் விளையாட்டுகளின் விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக், 50 முதல் 74 வரை பெற்றவற்றுக்கு மஞ்சள் நிறமிட்டுக் கலவையானவை அல்லது சராசரியானவை என வகைப்படுத்துகிறது. யாரையும் ஈர்க்காத விளையாட்டும், சிலர் கொண்டாடிச் சிலர் வெறுத்த விளையாட்டும் இந்த ஒரே நிறத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 2010இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த திகில் விளையாட்டான 'டெட்லி பிரிமொனிஷன்' இரண்டாம் வகை. ஐஜிஎன் விமர்சனத் தளம் அதற்குப் பத்துக்கு 2 அளித்தது; டெஸ்ட்ரக்டாய்டு தளம் பத்துக்குப் பத்து அளித்தது. அதே ஆண்டின் 'நியர்', காட்சித்தரத்துக்காகக் குறைகூறப்பட்டாலும் இசைக்கும் கதைக்கும் பாராட்டுப் பெற்றது. அதன் தொடர்ச்சியாக 2017இல் வந்த 'நியர்: ஆட்டோமேட்டா' பெருவெற்றி கண்டது.

வாங்குவோருக்கு ஒற்றை எண்ணே போதும் என்பர். மோசமானவற்றை ஒதுக்க அது உதவும் என்பது உண்மையே. ஆனால், கருத்துகள் எவ்வளவு பிளவுபட்டுள்ளன என்பதைச் சராசரி காட்டாது. ஆகவே இடைநிலை மதிப்பெண் தரம் பற்றிய தீர்ப்பாகாது. விமர்சனங்களை நேரடியாகப் படித்தே அத்தகைய விளையாட்டை எடைபோட வேண்டும்.