ஒருவருக்கு ஒரு நாளில் எவ்வளவு எண்ணெய்? உயர்ந்துவரும் பயன்பாடும் நம் உடல்நலமும்

சமையல் எண்ணெய் உடலுக்குத் தேவையான உணவுப் பொருள்களில் ஒன்று. அது ஆற்றலைத் தருகிறது. வைட்டமின் ஏ, டி, இ, கே ஆகியவற்றை உடல் ஏற்றுக்கொள்ள உதவுகிறது. உடலால் தானே உருவாக்க இயலாத சில கொழுப்பு அமிலங்களை வழங்குகிறது. எனினும், இந்தியாவில் ஒருவர் உண்ணும் எண்ணெயின் அளவு கடந்த முப்பது ஆண்டுகளில் படிப்படியாக உயர்ந்து, பல குடும்பங்களில் தேவையைக் கடந்துவிட்டது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவை உள்ளோரும் அவர்களைப் பராமரிப்போரும் தங்கள் வீட்டு அளவை அறிந்து சீர்செய்வதற்கு இப்பக்கம் உதவும்.

நாட்டின் பயன்பாடு எவ்வாறு உயர்ந்தது?

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, 1993-94-ஆம் ஆண்டில் ஒருவருக்கான மாத எண்ணெய்ப் பயன்பாடு ஊரகப் பகுதிகளில் சுமார் 370 கிராமாகவும், நகர்ப்புறங்களில் சுமார் 560 கிராமாகவும் இருந்தது. 2011-12-இல் அது முறையே சுமார் 670 கிராம், 850 கிராம் என உயர்ந்தது. நிதி ஆயோக் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 19.7 கிலோ எனக் குறிப்பிடுகிறது. இது நாளொன்றுக்குச் சுமார் 54 கிராம் ஆகும்.

இவ்விரு அளவுகளையும் நேராக ஒப்பிடுதல் கூடாது. முதலாவது, குடும்பங்களிடம் கேட்டறிந்த வீட்டுப் பயன்பாடு. இரண்டாவது, நாட்டில் கிடைக்கும் மொத்த எண்ணெயை மக்கள்தொகையால் வகுத்துப் பெறுவது. உணவகம், இனிப்பகம், பிஸ்கட் தொழிற்சாலை ஆகியவற்றில் செலவாகும் எண்ணெயும், வீணாகும் எண்ணெயும் இதில் அடங்கும். வீட்டுக் கணக்கில் தெரியாத எண்ணெயையும் நாம் உண்கிறோம் என்பதே இதிலிருந்து அறியவேண்டியது.

உயர்வுக்குக் காரணங்கள் யாவை?

முன்பு எண்ணெய் விலை மிகுந்த பொருளாக இருந்தது. எளிய குடும்பங்கள் பண்டிகை நாள்களில் மட்டுமே பலகாரம் சுட்டன. எண்ணெய் வித்து உற்பத்தியைப் பெருக்க 1986-இல் மத்திய அரசு தொழில்நுட்ப இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. 1994-இல் பாமாயில் இறக்குமதிக்கான கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. இன்று நாட்டின் தேவையில் பாதிக்கு மேற்பட்டது இறக்குமதியால் நிறைவு செய்யப்படுகிறது: இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து பாமாயில், அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து சோயா எண்ணெய், ரஷ்யா, உக்ரைனிலிருந்து சூரியகாந்தி எண்ணெய். தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் கீழ் நியாயவிலைக் கடைகளில் பாமாயில் குறைந்த விலையில் வழங்கப்படுகிறது.

இந்த உயர்வு முழுவதும் தீமை அன்று. கொழுப்பும் ஆற்றலும் போதாமல் இருந்த குடும்பங்களுக்கு முதற்கட்ட உயர்வு நன்மையே செய்தது. தேவை நிறைவான பின்னரும் அளவு உயர்ந்துகொண்டே செல்வதும், உடலுழைப்பு குறைந்துவருவதும் இன்றைய சிக்கல்.

ஒருவருக்குத் தேவையான அளவு என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 27 கிராம் எண்ணெய் போதுமானது. இது சுமார் ஆறு தேக்கரண்டி. நெய், வெண்ணெய், வனஸ்பதி ஆகியவையும் இந்த அளவுக்குள் அடங்கும். தேங்காய், எள், நிலக்கடலை, பால் ஆகியவற்றில் இயல்பாக உள்ள கொழுப்பு இதில் சேராது; அது தனியே உடலுக்குக் கிடைக்கிறது.

மிகுதியாக உண்பதால் என்ன நேரும்?

ஒரு கிராம் எண்ணெய் 9 கிலோ கலோரி தருகிறது. ஒரு கிராம் மாவுச்சத்து தருவது 4 மட்டுமே. எனவே உணவின் அளவு கூடாமலேயே எண்ணெயால் ஆற்றல் கூடிவிடும். செலவாகாத ஆற்றல் கொழுப்பாக, குறிப்பாக வயிற்றுப் பகுதியிலும் கல்லீரலிலும் சேர்கிறது. இதனால் இன்சுலினின் செயல்திறன் குறைந்து நீரிழிவைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் உயர்ந்து, இதய இரத்தக் குழாய்களில் அடைப்பு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையோர் 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4 விழுக்காடு. இதற்கு எண்ணெய் மட்டுமே காரணம் அன்று. ஆனால் வீட்டிலேயே எளிதாக மாற்றக்கூடிய காரணங்களுள் அதுவும் ஒன்று.

உங்கள் வீட்டின் அளவைக் கணக்கிடுவது எப்படி?

“எங்கள் வீட்டில் எண்ணெய் குறைவுதான்” என்று வெளிநோயாளர் பிரிவில் பலரும் கூறுவர். மாதம் எத்தனை லிட்டர் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. எண்ணெய் வாங்குபவர் ஒருவர், சமைப்பவர் மற்றொருவர், மருத்துவமனைக்கு வருபவர் வேறொருவராக இருப்பதே காரணம். ஆகவே பின்வருமாறு கணக்கிடவும்.

1. ஒரு மாதத்தில் வாங்கிய எல்லா எண்ணெயையும் கூட்டவும். நியாயவிலைக் கடைப் பாமாயிலையும், காந்தி சந்தையில் மொத்தமாக வாங்கியதையும், நெய்யையும் சேர்த்துக்கொள்ளவும்.
2. விளக்கேற்றவும் எண்ணெய்க் குளியலுக்கும் தலைக்கும் பயன்படுத்தியதைக் கழிக்கவும்.
3. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். கிடைத்த எடையை வீட்டில் உண்போர் எண்ணிக்கையாலும், பின்னர் 30 நாள்களாலும் வகுக்கவும்.

எடுத்துக்காட்டாக, நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் செலவானால் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 38 கிராம் ஆகிறது. நால்வருக்கும் போதுமான அளவு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். வெளியில் உண்ணும் வடை, பஜ்ஜி, பரோட்டா ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை என்பதை நினைவில் கொள்ளவும். மாலையில் மலைக்கோட்டைக் கடைவீதியில் உண்ணும் இரண்டு பஜ்ஜியும், வீட்டில் இருக்கும் மணப்பாறை முறுக்கும் அன்றைய எண்ணெய்க் கணக்கைச் சேர்ந்தவையே.

எந்த எண்ணெய் நல்லது?

• செக்கு எண்ணெய் ஆயினும் சுத்திகரித்த எண்ணெய் ஆயினும் ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரியே. “இதயத்துக்கு நல்லது” என்று கருதி மிகுதியாக ஊற்றினால் பயன் இல்லை.
• எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லை எனலாம். ஆகவே “கொலஸ்ட்ரால் இல்லாதது” என்னும் அறிவிப்பை ஒரு சிறப்பாகக் கருத வேண்டியதில்லை.
• நிறைவுற்ற கொழுப்பு தேங்காய் எண்ணெயில் சுமார் பத்தில் ஒன்பது பங்கும், பாமாயிலில் ஏறத்தாழ பாதியும், கடலை எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் உள்ளது. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் அதைவிடக் குறைவு.
• ஒரே எண்ணெயைத் தொடர்ந்து பயன்படுத்தாமல் இரண்டு அல்லது மூன்று வகைகளை மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. மொத்த அளவு கூடக் கூடாது.

பொரித்த எண்ணெயை மீண்டும் பயன்படுத்தலாமா?

மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து தீங்கான பொருள்கள் உருவாகின்றன. இத்தகைய சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைக் கடந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவகங்களுக்கு 2018 முதல் நடைமுறையில் உள்ள விதி. வீட்டில் பொரித்து மீந்த எண்ணெயை வடிகட்டி ஓரிரு நாள்களுக்குள் தாளிக்கப் பயன்படுத்தலாம். மறுபடி பொரிக்க வேண்டாம். நிறம் கறுத்தாலோ நுரைத்தாலோ கெட்ட வாடை வீசினாலோ அகற்றிவிடவும். எண்ணெய், கொழுப்புகளில் ஊடுகொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் கூடாது என்னும் விதி 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இருப்பினும் வனஸ்பதியைத் தவிர்ப்பதே நல்லது.

பராமரிப்போர் செய்யக்கூடியவை

• மாத அளவை முதலிலேயே முடிவு செய்து, அதற்கு மேல் வாங்காதீர்கள்.
• புட்டியிலிருந்து நேராக ஊற்றாமல் தேக்கரண்டியால் அளந்து ஊற்றவும்.
• இட்லி, இடியாப்பம், ஆவியில் வேகவைத்த காய்கறி, சுண்டல் ஆகியவற்றைக் கூட்டி, பொரியலில் எண்ணெய்க்கு மாற்றாகச் சிறிது நீர் தெளித்து மூடி வேகவைக்கவும்.
• நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் செய்தால் அது நெடுநாள் நீடிப்பதில்லை. வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் ஒரே சமையலாக அமைத்துக்கொள்ளவும்.
• ஒரே நாளில் பாதியாகக் குறைக்க வேண்டாம். மாதந்தோறும் பத்தில் ஒரு பங்கு குறைத்துவந்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

யார் தாமாகக் குறைக்கக் கூடாது?

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், எடை குறைந்த சிறுவர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், காசநோய்ச் சிகிச்சையில் உள்ளோர், உடல் மெலிந்த முதியோர் ஆகியோருக்கு மருத்துவரின் அறிவுரை இன்றி எண்ணெயைக் குறைக்க வேண்டாம். எண்ணெயைக் குறைத்துவிட்டதால் கொலஸ்ட்ரால், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தானது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

முப்பது வயதைக் கடந்த அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளவும். கோயில் படிகளிலோ வீட்டு மாடியிலோ ஏறும்போது மார்பில் இறுக்கம் தோன்றி, நின்றால் குறைந்தால், அதை வாய்வு என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரைக் காணவும். ஓய்வில் இருக்கும்போதும் மார்பு வலி, வியர்வை, மூச்சுத்திணறல் நீடித்தால் உடனடியாக 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

நாட்டின் சராசரி எவ்வளவாயினும், உங்கள் குடும்பத்தின் அளவை நிர்ணயிப்பது உங்கள் வீட்டு எண்ணெய்க் கணக்கே. அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது மருந்துச் சீட்டுடன் அக்கணக்கையும் எழுதிக் கொண்டுவரவும்.