யாழ்ப்பாணத்து ஓவியக் கல்வியும் தன்னனுபவமும்

யாழ்ப்பாணத்தின் பண்பாட்டு வரலாற்றை ஆராய்ந்தோர் இலக்கியத்துக்கும் இசைக்கும் கூத்துக்கும் அளித்த இடத்தை ஓவியத்துக்கு அளித்தாரல்லர். ஆயினும், இங்குச் சித்திரம் பயின்ற மாணவர் எதனை வரையத்தக்க பொருளாகக் கொண்டனர் என்பதை நோக்கும்போது, சமூக மாற்றத்தின் போக்கொன்று தெளிவாகப் புலப்படுகின்றது.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் 1938ஆம் ஆண்டினை வைத்தல் பொருந்தும். அவ்வாண்டிலேயே எஸ். ஆர். கனகசபை வின்ஸர் ஓவியக் கழகத்தை நிறுவினார். இலங்கையின் சித்திர வித்தியாதரிசியாக இருந்து நவீன ஓவிய உணர்வினை வளர்த்த சி. எவ். வின்ஸரின் பெயரை அக்கழகம் தாங்கியது. கொழும்பில் 1943இல் தோன்றிய '43 குழு'வினரும் அவரது ஊக்கத்துக்குக் கடன்பட்டோரே. எனினும், யாழ்ப்பாணத்தில் ஓவியம் பெரும்பாலும் ஆசிரியர்களின் கலையாகவே வளர்ந்தது. இயற்கைக் காட்சியும் உருவப்படமும் அதன் முதன்மைப் பொருள்களாயின. கண்ணாற் கண்டதைச் செம்மையாக வரையும் திறன் போற்றப்பட்டது. வரைபவனின் அகவுலகு பாடமாகக் கொள்ளப்படவில்லை.

இந்நிலையிலிருந்து விலகிய பாதையை வகுத்தவருள் முதன்மையானவர் குருநகரிற் பிறந்த அ. மாற்கு (1933-2000). விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் வழியாகவும், வகுப்பறைக்கு அப்பாலும் அவர் இளையோரைப் பயிற்றினார். மேனாட்டு நவீன ஓவிய முறைகளை நன்கறிந்திருந்த அவர், அவற்றைத் தம் மாணவர்மீது சுமத்தாது, அவரவர் தத்தம் கோட்டினைக் கண்டடைய இடமளித்தார். அவரிடம் பயின்ற வாசுகி, பெண்ணின் அனுபவத்தைத் தம் ஓவியங்களின் மையமாக்கியமை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

1960இல் இசைக் கல்லூரியாகத் தொடங்கப்பெற்ற இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துடன் இணைந்தது. சித்திரக்கலை அங்குப் பட்டப்படிப்பாக வளர்ந்தபோது, அதனைப் பயில வந்தோர் போரும் இடப்பெயர்வும் கண்ட தலைமுறையினர். அப்பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பித்த ஓவியர் தா. சனாதனனின் ஆக்கங்கள் இத்தலைமுறையின் நோக்கை உணரத் துணைசெய்வன. 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் புனரமைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 2004இல் 'அகம் புறம்' என்னும் கண்காட்சி நிகழ்ந்தது. மக்களிடமிருந்து திரட்டிய அன்றாடப் பொருள்களை அவர் அங்கு வரலாற்றுச் சான்றுகளாக வைத்தார். 2011இல் வெளிவந்த அவரது 'முற்றுப்பெறாத தோம்பு', இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த நிலப்படங்களைக் கொண்டது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பேணிய காணிப் பதிவேடு. ஆட்சியாளர் வரிக்காக எழுதிய ஏட்டின் பெயரால், வீட்டை இழந்தவர் தம் நினைவைப் பதிந்தனர் என்பது சிந்தித்தற்குரியது.

ஆயின், 'தன்னனுபவம்' என்பதைப் போரனுபவம் என்று மட்டும் சுருக்குதல் தவறாகும். ஹற்றனிலிருந்து வந்து இப்பல்கலைக்கழகத்திற் பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைச் சாயத்தையும் தேநீர் வடியையும் கொண்டு மலையகத் தொழிலாளர் வாழ்வைப் படைத்தார். மட்டக்களப்பைச் சேர்ந்த புஷ்பகாந்தன் காணாமலாக்கப்பட்டோரைப் பொருளாகக் கொண்டார். தமிழர் என்ற ஒரே சொல்லுக்குள் எத்துணை வேறுபட்ட வாழ்வுகள் அடங்கியுள்ளன என்பதை இவை உணர்த்துகின்றன. துயரை மட்டுமே மாணவரிடம் எதிர்பார்க்கும் பார்வையாளர், தம்மை அறியாமலே அவருக்கு மற்றொரு மாதிரிச் சித்திரத்தைப் பார்த்தெழுதக் கொடுத்தவராவர்.

அகத்திணை மரபில் தலைவனும் தலைவியும் பெயர் சுட்டப்படார். ஒருவரின் உள்ளத்து உணர்வு பலருக்கும் உரியதாதற்கு அவ்விதி துணைசெய்தது. தன் வீட்டையும் தாயையும் தொழிலையும் வரையும் மாணவரின் ஓவியமும் அவ்வாறே பொதுமை பெறுகின்றது. ஏடுகள் அழிந்த நிலத்தில் அது ஆவணமுமாகின்றது. மாற்குவின் ஓவியங்கள் பல 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் அழிந்தன. அவ்விழப்பை நினைவிற்கொண்டு, மாணவர் ஆக்கங்களைப் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடாது பதிந்து பேணுதல் பல்கலைக்கழகத்தார் அனைவரின் கடமையாகும்.